வாசலோடு விடாதவர்

அவருடைய வீட்டுக்கு வந்த யாரும் தனியாகத் திரும்பிப் போனதில்லை. பாய்லர் பழுதுபார்க்க வந்த போலந்துக்காரரைக்கூட வேன் நிற்கிற இடம்வரை கூட்டிக்கொண்டு போனார். வேன் தெருமுனை திரும்பும்வரை நடைபாதையில் நின்றார். அந்த மனிதர் பக்கக் கண்ணாடியில் இவரைப் பார்த்துப் பார்த்துக் குழம்பிப் போய், ஏதோ கருவியை மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்துவிட்டார். "ஒண்டுமில்லைத் தம்பி, போங்கோ போங்கோ" என்றார் இவர், தமிழில். அவருக்கு எப்படியோ புரிந்தது. வேன் மறுபடி கிளம்பியது. இவர் மறுபடி நின்றார்.

லண்டனின் செவன் கிங்ஸில் அந்த வீட்டின் மாடி முன்னறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். நான் விழுப்புரத்துக்காரி. மாஸ்டர்ஸ் முடித்து, முதல் வேலை கிடைத்து, கையும் காலும் ஓரிடத்தில் நிற்காமல் லண்டன் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த காலம். அவர் யாழ்ப்பாணத்தவர். ஒரு பள்ளிக்கூடத்தின் மதிய உணவுக் கூடத்தில் வேலை பார்த்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் அன்ரி. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் எங்கேயாவது வாசித்துவிட்டு, "என்ன பிள்ளை, என்னைப் பேப்பரில விட்டிருக்கிறாய்?" என்று போன் போடுவார்.

"வாசலோட விடுறதெண்டால் பூனையைத்தான் விடலாம்" என்பார். "மனிசரை ஆகக் குறைஞ்சது பஸ் ஸ்ரொப் மட்டுமாவது கொண்டுபோய் விடவேணும்."

ஆகக் குறைந்தது என்று அவர் சொன்னதில் ஒரு தராதரம் இருப்பதைப் போகப்போகத்தான் கண்டுகொண்டேன். பிடிக்காதவர்களுக்கு பஸ் ஸ்டாப். பிடித்தவர்களுக்கு ரயில் நிலைய வாசல். மனதுக்கு நெருக்கமானவர்களுக்கு பிளாட்ஃபாரம். நான் குடிவந்து சில மாதம் கழித்து, ஊருக்குக் கிளம்பிய ஒரு டிசம்பரில்தான் பிளாட்ஃபாரத்துக்கு உயர்ந்தேன். பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

பிளாட்ஃபாரத்துக்கு வரவேண்டும் என்றால் அவரும் தன் பயணக் கார்டைத் தட்டித்தான் உள்ளே வரவேண்டும். எங்கேயும் போகாமல் உள்ளே வந்து வெளியே போகிறவரிடமும் அந்த இயந்திரம் காசு பிடித்துக்கொள்ளும்.

"போகாத பயணத்துக்குக் காசு கொடுக்கிற ஒரே ஆள் நீங்கதான் ஆன்ட்டி" என்றேன்.

"நீ போறாய்தானே. ஆரோ ஒராள் போனால் சரி."

அவர் கை அசைக்கமாட்டார். இதை முதலில் சொல்லியிருக்கவேண்டும். தோள் உயரத்துக்கு வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்து, அப்படியே வைத்திருப்பார். கடைசிப் பெட்டி மறையும்வரை கை இறங்காது. அழமாட்டார், சிரிக்கவும் மாட்டார். மறைந்த அடுத்த நொடி சட்டென்று திரும்பி, "வா, போற வழியில கடையில மீன் வேண்டவேணும்" என்று வேகமாக நடக்கத் தொடங்குவார். திரும்பிப் பார்ப்பது கிடையாது. அனுப்பினால் அனுப்பினதுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கொடுக்கவேண்டிய எல்லாவற்றையும் வீட்டிலேயே கொடுத்துவிடமாட்டார். ஏதாவது ஒன்றைக் கைக்குள் வைத்திருந்து, ரயில் கிளம்புகிற நேரத்தில் நீட்டுவார். பருத்தித்துறை வடை, அல்லது மட்டன் றோல்ஸ். ஆனால் லண்டன் ரயிலில் இது பெரிய சிக்கல். ஜன்னல் திறக்காது. கதவு பீப் பீப் என்று கத்திவிட்டுப் பட்டென்று மூடும். ஒருமுறை அவருடைய தங்கைக்கு நீட்டிய றோல்ஸ் பை, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கதவில் மாட்டிக்கொண்டது. கதவு திறந்து மூடித் திறந்தது. கதவை மறிக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் ஓட்டுநரின் குரல் வந்தது. இவர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "சொறி அண்ணை" என்றார்.

"மீன் ரின்னுக்குள்ள அடைச்ச மாதிரி அடைச்சுக்கொண்டு போறாங்கள்" என்று வழியெல்லாம் புலம்பினார். "ஒரு சாமான் குடுக்க ஏலுமே? ஒரு சொல்லுச் சொல்ல ஏலுமே? கண்ணாடிக்கு உள்ளுக்க அவள் வாயைத் திறக்கிறாள், எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. போனில கேட்டால், தண்ணிப் போத்தலை விட்டுட்டன் எண்டவளாம்."

நான் வருவதற்குமுன் அந்த அறையில் இருந்த ஒரு மனிதரோடு அவருக்கு ஜென்மச் சண்டை. குளியலறையைச் சுத்தம் செய்வதில்லை, சமையலறையில் சாம்பிராணி போடுகிறார், இன்னும் என்னென்னவோ. கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் போகிற நாளில் இரண்டு பெட்டிகள். இவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டார். ஸ்டேஷன்வரை இருவரும் ஒருவார்த்தை பேசவில்லையாம். இல்லை, தவறு. பேசினார்களாம். சண்டைதான் போட்டார்களாம், வழி முழுக்க. பிளாட்ஃபாரத்தில் ஏறியதும் இவர் வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கிவிட்டார்.

"அவ்வளவு கோபத்துல எதுக்கு பிளாட்ஃபாரம் வரைக்கும் போனீங்க? பஸ் ஸ்டாப் போதாதா?"

"கோபம் வீட்டுக்குள்ள. போற ஆள் போற ஆள்தானே."

ஹீத்ரோ விமான நிலையத்தில், ஊருக்குத் திரும்பிய ஓர் உறவுக்காரரை அனுப்பிய அன்று, இதைவிட மோசம். பாதுகாப்புச் சோதனைக்குப் போகிற வரிசை வளைந்து வளைந்து உள்ளே மறையும் இல்லையா, அந்தக் கயிற்றுக்கு இப்பால் நின்று, எட்டிப்பார்க்க உயரம் போதாமல், பக்கத்தில் நின்ற நெட்டையான ஊழியரைப் பிடித்துக்கொண்டார். நீலச் சட்டை போட்ட மனிதர் பெல்ட்டைக் கழற்றிவிட்டாரா? இப்போது எங்கே நிற்கிறார்? அந்த ஊழியரும் கால்பந்து வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். கழற்றிவிட்டார். கைகளைத் தூக்குகிறார். போய்விட்டார். "தாங்ஸ் தம்பி" என்று சொல்லிவிட்டு, கேட்டீர்களா, அந்த ஊழியரின் ஷிப்ட் முடிகிற நேரம் என்று தெரிந்ததும் அவரையும் பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டார்.

வீடியோ அழைப்பில் சிவப்புப் பொத்தானை அவர் ஒருநாளும் அழுத்தியதில்லை. எதிர்ப்பக்கம் துண்டிக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். சுவாமி வீதியுலா முடிந்து உள்ளே போனதும் கூட்டமெல்லாம் அன்னதான வரிசைக்கு ஓடியது. நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அன்ரியைக் காணவில்லை. திரை முழுதாக மூடுகிறவரை தனியாக நின்றுகொண்டிருந்தார். முருகனையும் வாசலோடு விடவில்லை.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும். வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார்: அவர் நாட்டை விட்டு வந்தபோது யாரும் வழியனுப்ப வரவில்லை. ஆருக்கும் மூச்சுக் காட்டக்கூடாது என்று வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். தாயிடம்கூடச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

"ஓ, அதனாலதானா" என்றேன், பெரிய மர்மம் துலங்கிவிட்ட மாதிரி.

கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு விருப்பம், போறன். உங்கட ஆக்கள் எல்லாத்துக்கும் ஒரு காரணம் பிடிச்சுக்கொண்டு வருவினம்."

அவருக்கு ஒரே மகன், நிரூ. லண்டனில் பிறந்தவன். என்னைவிட இரண்டு வயது சிறியவன், கட்டடப் பொறியியல் படித்தவன். அவனுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. வீடே இனிப்பும் போனுமாக இருந்த அந்த வாரத்தில், ஒரு சாப்பாட்டு நேரத்தில் அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். செவ்வாய்க்கிழமை காலையில் விமானம். திங்கள் மாலையே விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய்விடுவான்.

"அம்மா, நீங்க ஏர்போர்ட்டுக்கு வரவேண்டாம். ஸ்டேஷனுக்கும் வேண்டாம். ப்ளீஸ்."

நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். போலந்துக்காரரை இரண்டு தரம் அனுப்பியவரிடம், பெற்ற மகன் சொல்கிறான்.

"சரி" என்றார் அன்ரி.

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. கெஞ்சவில்லை. எழுந்துபோய் ஃபிரிட்ஜுக்குள் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்துத் துடைக்கத் தொடங்கினார். அடுத்த நாள் அலமாரிகள். அதற்கடுத்த நாள் ஜன்னல்கள். அந்த வீடு அவ்வளவு பளபளப்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. நிரூமேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. லண்டன் பிள்ளை, அம்மா றோல்ஸ் பையோடு நின்றால் வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

நான் ஒரு ரயில் பைத்தியம். விழுப்புரம் ஜங்ஷன் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பேன்? லண்டனிலிருந்து ஒன்றரை மணிநேரத் தொலைவில், ஒரு சின்ன ஊரின் ஓரத்தில், பழைய நிலையம் ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னால் கூட்டம் சேர்ந்துவிடும், விடுங்கள். அந்தக் கிளைப் பாதையை எப்போதோ மூடிவிட்டார்கள். பிறகு ஊர்க்காரர்கள் சேர்ந்து, தண்டவாளத்தில் முளைத்திருந்த மரங்களை வெட்டி, கட்டடத்தைத் தேய்த்துக் கழுவி, நீராவி வண்டி ஓட்டுகிறார்கள். எல்லோரும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். அங்கே போகவேண்டும் என்று பல மாதமாக அரித்துக்கொண்டிருந்தேன். நிரூவை, "போறதுக்கு முன்னாடி ஒரு நாள் அம்மாவோட வெளிய வாயேன்டா" என்று பிடித்து இழுத்தேன். அன்ரியின் கணவர், அங்கிளுக்கு, சனிக்கிழமை ஷிப்ட். நாங்கள் மூவரும் கிளம்பினோம்.

செங்கல் கட்டடம். கூரையின் விளிம்பு முழுக்கப் பல்லுப் பல்லாக வெட்டிய மரப்பலகை, வெள்ளையும் சிவப்புமாக. வார்ப்பிரும்புத் தூண்கள். பூந்தொட்டிகள். வரிசையாக மாட்டிய தீயணைக்கும் வாளிகள், அவற்றில் மணல். ஒரு தள்ளுவண்டியில் யாருடையதும் இல்லாத தோல் பெட்டிகளை அழகுக்கு அடுக்கியிருந்தார்கள். பெண்கள் காத்திருக்கும் அறையில் உண்மையாகவே கரி எரிந்துகொண்டிருந்தது. நான் தூணுக்குத் தூண் ஓடி, படம் எடுத்து, இது எந்தக் காலத்தது, அந்த நடைபாலம் எப்படி வந்தது என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தேன். அன்ரி தோல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, "இந்தப் பெட்டியளின்ர ஆக்கள் எங்க?" என்று மட்டும் கேட்டார். நிரூ போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் வெயிஸ்ட்கோட் போட்ட, வெள்ளை மீசைக்காரர் ஒருவர். மூன்று டிக்கெட் என்றேன். அட்டை டிக்கெட்டை எடுத்து, இரும்பு இயந்திரத்தில் சொருகி, டக்கென்று தேதி குத்தினார். எனக்கு உடம்பே சிலிர்த்தது. இரண்டாவது டக். மூன்றாவதை எடுக்கும்போது அன்ரி உள்ளே விரலைக் காட்டினார்.

"உதென்ன, அந்தப் பக்கத்தில இருக்கிற சின்ன ரிக்கற்?"

நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்தார். அது பிளாட்ஃபார்ம் டிக்கெட் என்றார். ரயிலில் போகாதவர்களுக்கு, வழியனுப்ப வருகிறவர்களுக்கு. அந்தக் காலத்தில் எல்லா நிலையத்திலும் விற்றார்கள். இப்போது சேகரிப்பவர்கள்தான் வாங்குகிறார்கள், வழியனுப்புவதற்காக ஒருவர் வாங்கித் தான் பார்த்ததே இல்லை என்றார்.

அன்ரியின் முகத்தை நான் எப்படிச் சொல்வது? வழியனுப்புவதற்கென்றே ஒரு டிக்கெட் அச்சடித்து விற்ற நாடு இது என்று இத்தனை வருடமாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"எனக்கு உது காணும், மற்றது வேண்டாம்" என்றார்.

நிரூ போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "அம்மா. நோ."

"என்ன நோ? நீ ஏர்போட்டுக்கு வரவேண்டாமெண்டாய். எங்கட ஸ்ரேசனுக்கும் வேண்டாமெண்டாய். இது ரெண்டும் இல்லைத்தானே?"

"அம்மா, இது கொஞ்சத் தூரம் போயிட்டுத் திரும்பி இங்கேயே வரும்."

"வரட்டும். வாறதுக்குத்தானே அனுப்புறது."

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். டிக்கெட்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவரும் வேறு பக்கம் பார்த்தார்.

வண்டி நின்றிருந்தது. பச்சை நிறச் சின்ன எஞ்சின், மரப்பெட்டிகள். நாங்கள் ஏறினோம். பெட்டிக் கதவில் ஒரு தோல் பட்டை தொங்கியது. இதை இழுத்துவிட்டால் கண்ணாடி கதவுக்குள்ளேயே இறங்கும் என்று நான் விளக்கிக்கொண்டே இழுத்தேன். இறங்கியது. வெளியே அன்ரி நின்றார். இடையில் கண்ணாடி இல்லை.

"திறக்குது" என்றார் மெதுவாக.

பிறகு தொடங்கினார்.

"தண்ணி வச்சிருக்கிறியோ?"

"ம்."

"குளிருக்குப் போட இருக்கோ?"

"அம்மா, ஜூன் மாசம்."

"அங்க இப்ப குளிர். பாஸ்போட்?"

"இது ஸ்டீம் ட்ரெயின், அம்மா."

"வச்சிருக்கிறியோ எண்டு கேட்டனான்."

"வீட்டில இருக்கு" என்றான் நிரூ. அவன் குரல் கொஞ்சம் கீழே போயிருந்தது. "மேல் தட்டில. விசாவோட."

"போய்ச் சேர்ந்த உடனை எடு. அங்க விடிஞ்சோ இருண்டோ எண்டு பாக்காத. நான் முழிச்சிருப்பன். ஒருத்தரோடையும் கோவிக்காத. கோவிச்சாலும் சாப்பிட்டுட்டுக் கோவி."

பச்சைக் கொடியோடு வண்டியின் கார்டு வந்தார். ஓய்வுபெற்ற கணக்காளர் போன்ற முகம், புத்தம்புதுச் சீருடை. அம்மையார் ஏறவில்லையா என்று கேட்டார்.

"நோ" என்று அன்ரி தன் சின்ன அட்டையைக் காட்டினார். மகனைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: "ஹி இஸ் கோயிங் டு நியூசிலாந்து."

கார்டு அந்தச் சின்ன எஞ்சினைப் பார்த்தார். நிரூவைப் பார்த்தார். அன்ரியின் முகத்தைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படியானால் நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறோம், மேடம். தூரம் அதிகம்."

விசில் ஊதினார். அந்த நேரத்தில்தான் அன்ரி தோள் பைக்குள் கைவிட்டு, தாளில் சுற்றிய பொதியை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினார். நிரூ இரண்டு கையாலும் வாங்கினான். வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. மெதுவாகத்தான். நீராவி வண்டிக்கு அவசரமே கிடையாது. கதவு பட்டென்று மூடி ஆளை வெட்டிக்கொண்டு போகாது. ஒரு முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாவதற்கு முழு நேரத்தையும் கொடுக்கும். அன்ரி மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நின்றார். வலது கை தோள் உயரத்தில். அந்தப் பலகைப் பற்களுக்குக் கீழே, பூந்தொட்டிகளுக்கு நடுவே, ஊதா நிறக் கார்டிகனில். வளைவு வந்தது.

நிரூ தலையை வெளியே நீட்டக்கூடாது என்ற அறிவிப்புக்குப் பக்கத்திலேயே தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தான். வளைவு முடிந்தபிறகும்.

உட்கார்ந்தபோது கண் சிவந்திருந்தது. கரித்தூள் என்றான். பொதியை மடியில் வைத்துக்கொண்டு, வயல்களைப் பார்த்தபடி, ஆங்கிலமும், என்னோடு பழகிப் பிடித்துக்கொண்ட விழுப்புரத்துத் தமிழுமாகப் பேசினான்.

"அக்கா, யுனிவர்சிட்டிக்குப் போன முதல் நாள் ஞாபகம் இருக்கு எனக்கு. நீங்க அப்ப இங்க இல்ல. அம்மா பிளாட்ஃபாரம் வரைக்கும் வந்தாங்க. இப்படியே கையைத் தூக்கிக்கிட்டு. ட்ரெயின் கிளம்பிடுச்சு, நான் கண்ணாடியில அந்தக் கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அடுத்த ஸ்டேஷன் வந்ததும் இறங்கிட்டேன்."

"இறங்கிட்டியா?"

"பெட்டியோட. பெஞ்சில உட்கார்ந்துட்டேன். திரும்பி வீட்டுக்குப் போறதுன்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் என்னவோ, அடுத்த ட்ரெயின் வந்தப்ப ஏறிட்டேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அம்மாக்குத் தெரியாது." பொதியைத் திருப்பி வைத்துக்கொண்டான். "வெட்கம்னு நினைச்சீங்கல்ல? வெட்கம் இல்ல. அவங்க அப்படி நின்னா என்னால போக முடியாது. ஃபிளைட்ல அடுத்த ஸ்டேஷன் கிடையாது, அக்கா."

அந்தப் பயணத்தில் நான் வேறெதுவும் பார்க்கவில்லை. அவ்வளவு ஆசைப்பட்டுப் போன எனக்கு சிக்னல் பெட்டியும் நினைவில்லை, எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டியதும் நினைவில்லை.

திரும்பி வந்தபோது அன்ரி பிளாட்ஃபாரத்தில் இல்லை. அனுப்பினால் அனுப்பினதுதானே. கரி எரியும் அறையில், டிக்கெட்காரரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "வந்திட்டியளே? வாங்கோ, இஞ்ச கேக் நல்லாயிருக்கு" என்றார், பக்கத்துக் கடைக்குப் போய்வந்தவர்களைக் கேட்பதுபோல.

திங்கட்கிழமை மாலை. நிரூவின் பெட்டிகள் கூடத்தில் இருந்தன. அங்கிள் அவனைக் கட்டிக்கொண்டுவிட்டு, யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைக்கத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நிரூ சமையலறை வாசலில் போய் நின்றான். அன்ரி அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார்.

"அம்மா, போயிட்டு வாறன்."

"ஓம் அப்பன். வடிவாப் போட்டு வா." திரும்பவில்லை.

"அம்மா..."

"உன்னை நான் சனிக்கிழமையே அனுப்பிப் போட்டன். திருப்பித் திருப்பி அனுப்பேலாது. நேரம் போகுது, நட."

அவன் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரையும் வாசலோடு விடாத அம்மா, மகனோடு வாசல்வரைகூட வரவில்லை. நான்தான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனோடு நடந்தேன். தெருமுனைவரை அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கதவு மூடியே இருந்தது. செவன் கிங்ஸ் பிளாட்ஃபாரத்தில் ரயில் வந்தது, கதவு திறந்தது, ஏறினான், பீப் பீப், மூடியது. கையைத் தூக்கலாமா என்று நினைத்தேன். எனக்கு அந்த உரிமை இல்லை என்று பட்டது. வெறுமனே நின்றேன்.

நான் திரும்பியபோது அன்ரி அதே இடத்தில்தான் நின்றார். அடுப்பு அணைந்திருந்தது. கரண்டி மட்டும் கையில். என் காலடிச் சத்தத்துக்கு வெடுக்கென்று திரும்பி, நான்தான் என்று தெரிந்ததும் மூச்சு விட்டார்.

"ஏறினவனோ?"

"ஏறிட்டான் ஆன்ட்டி."

"கதவைச் சாத்து. அடுத்த ஸ்ரேசன் இல்ஃபர்ட். அங்க இறங்கினானெண்டால் இப்ப வந்து தட்டுவான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்னத்தை?"

"அவன் யுனிக்குப் போன நாள், அடுத்த ஸ்டேஷன்ல இறங்கினது."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அண்டைக்கு அவன்ர முகம் சரியில்லை. எனக்கு மனம் கேக்கேல்லை. அடுத்த ரெயினில நானும் ஏறிட்டன். பார்த்தால், அடுத்த ஸ்ரேசன் வாங்கில குந்தியிருக்கிறான், பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு."

"நீங்க இறங்கலையா?"

"நான் இறங்கியிருந்தால் அவன் படிக்கப் போயிருக்க மாட்டான், பிள்ளை. என்னோட வீட்டுக்கு வந்திருப்பான். நான் கூட்டிக்கொண்டு வந்திருப்பன். எனக்கும் அதுதானே விருப்பம்." கரண்டியை மேசைமேல் வைத்தார். "குனிஞ்சுகொண்டு இருந்தனான். அவன் எழும்பி வந்து அந்த ரெயினிலயே ஏறினான், ரெண்டு மூண்டு பெட்டி தள்ளி. அதுக்கடுத்த ஸ்ரேசனில நான் இறங்கி, தூணுக்குப் பின்னால நிண்டு, இன்னொருக்கா அனுப்பினனான்."

மகன் வரவேண்டாம் என்றபோது அவர் சொன்ன அந்த "சரி" எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் தலையை லேசாகச் சாய்த்து வாசல் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே யாரோ நடந்து வந்தார்கள், அவர் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்தன, அந்தக் காலடி எங்கள் கதவைத் தாண்டிப் போனது. ஒரு கார் நின்றது, பக்கத்து வீட்டுக்கு. தோட்டத்திலிருந்து அங்கிள் உள்ளே வந்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மாடிக்குப் போனார். பிறகு தெரு முழுதாக அடங்கிவிட்டது. யாரும் தட்டவில்லை. அவர் முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கதவு தட்டப்படவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் தட்டப்படக்கூடாது என்று. இரண்டாமவர் ஜெயிக்க நெடுநேரம் ஆயிற்று.

"இனி இறங்கான்" என்றார்.

எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.